திவாலுக்குப் பின் வீட்டுக் கடன்: 7 ஆண்டுத் தவணைகள் கற்றுத் தந்தவை

தொழில் நொடித்துத் திவால் ஆணை பெற்று, பின்னர் கடன்களிலிருந்து சட்டப்படி விடுவிக்கப்பட்டு இப்போது 11 ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் வாங்கிய வீட்டுக் கடனை 7 ஆண்டுகளாகக் கட்டி வருகிறேன். கடன் கிடைக்குமா என்ற கேள்விதான் அப்போது என் தூக்கத்தைக் கெடுத்தது. கிடைக்கும் கடனிலிருந்து எப்படி வெளியேறப் போகிறோம் என்பதே அதைவிடப் பெரிய கேள்வி என்பது நான்காம் ஆண்டில்தான் உறைத்தது.

காத்திருக்க வேண்டிய காலம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் ‘சாப்டர் 7’ (சொத்துகளை விற்றுக் கடனடைக்கும் வகை) திவால், ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் 10 ஆண்டுகள் வரை இருக்கலாம். ஆனாலும் விடுவிப்புக்குப் பின் பொதுவாக 2 ஆண்டுகள் கழிந்தாலே, எஃப்.எச்.ஏ. என்ற அரசு வீட்டுவசதி அமைப்பின் காப்பீடு பெற்ற கடனுக்கு விண்ணப்பிக்க இயலும். இங்கிலாந்தில் பெரும்பாலானோர் 12 மாதங்களில் விடுவிக்கப்படுகிறார்கள், பதிவோ 6 ஆண்டுகள் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் திவால் நிலையே பொதுவாக 3 ஆண்டுகளும் ஒரு நாளும் நீடிக்கிறது. பதிவு அழியும்வரை கதவு மூடியே இருக்கும் என்று நம்பி நான் முதல் ஓராண்டைச் சும்மா கழித்தேன். அது தவறு. பதிவு இருக்கும்போதே கடன் கொடுப்பவர்கள் உண்டு. அதற்கான விலையை வட்டியில் வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

விடுவிப்புக்குப் பின் மூன்றாம் ஆண்டில் ஒரே மாதத்தில் நான்கு நிறுவனங்களில் விண்ணப்பித்தேன். நான்கும் மறுத்துவிட்டன. திவால்தான் காரணம் என்று எண்ணித் தலைகுனிந்து வந்த நான், ரிப்போர்ட்டை வரவழைத்து வரிவரியாகப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. திவாலில் சேர்க்கப்பட்டு விடுவிக்கப்பட்ட இரண்டு பழைய கணக்குகள், நிலுவைத் தொகையுடன் ‘தவணை தவறியது’ என்று மாதாமாதம் புதிதாகப் பதிவாகிக்கொண்டிருந்தன. விடுவிக்கப்பட்ட கணக்கில் நிலுவை பூஜ்யமாக இருக்க வேண்டும். படிப்பவர் கண்ணுக்கோ, பழைய கடனிலிருந்து விடுபட்ட பிறகும் புதிய கடனைக் கட்டாமல் இருக்கும் ஆளாக நான் தெரிந்திருக்கிறேன். விடுவிப்பு ஆணையின் நகலையும், திவால் மனுவில் அந்தக் கடன்கள் இடம்பெற்ற பக்கத்தையும் இணைத்து எழுத்துப்பூர்வமாக முறையிட்டேன். ஒரு கணக்கு விரைவில் சரியானது. மற்றொன்றுக்கு ஐந்து மாதங்களும் மூன்று கடிதங்களும் தேவைப்பட்டன. விடுவிப்பு ஆணை கைக்கு வந்த மூன்றாவது மாதமே இந்த வேலையைச் செய்திருந்தால் இரண்டு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். நான்கு விண்ணப்பங்களுக்காக நிறுவனங்கள் என் ரிப்போர்ட்டைக் கேட்டுப் பார்த்த விசாரணைகளும் அதில் தனித்தனியே ஏறியிருந்தன. வீட்டுக் கடனுக்காகக் குறுகிய காலத்தில் நடக்கும் விசாரணைகளை ஒன்றாகக் கணக்கிடும் கடன் மதிப்பெண் முறைகளும் உண்டு என்றாலும், அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் பிழை.

இடைப்பட்ட காலத்தில் சிறு வரம்புள்ள கிரெடிட் கார்டு ஒன்றை, வங்கியில் வைப்புத்தொகை கட்டிப் பெற்று, மாதந்தோறும் முழுத் தொகையையும் அடைத்து வந்தேன். இதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. சலிப்பூட்டும் வேலை, ஆனால் பலித்தது. முன்பணத்தை வீட்டு விலையில் கால் பங்காகச் சேர்த்த பிறகு மறுபடியும் விண்ணப்பித்தேன். திவாலானது எப்படி, அதன்பின் என்ன மாறியது என்று ஒரு பக்கத்தில் விளக்கம் கேட்டார்கள். முதலில் எழுதியது மூன்று பக்கப் புலம்பல். அதைக் கிழித்துவிட்டு, தேதிகளையும் தொகைகளையும் தற்போதைய வருமானத்தையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

கடன் கிடைத்தது, 25 ஆண்டுத் தவணைக்கு 9 சதவீத வட்டியில். அப்போது கறைபடாத பதிவுள்ளவர்கள் 7 சதவீதத்தில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் கடனை ஒரு லட்சம் என்று சுருக்கிச் சொன்னால் கணக்கு எளிதாகப் புரியும். 7 சதவீதத்தில் மாதத் தவணை ஏறத்தாழ 707, 9 சதவீதத்தில் 839. கேட்கும்போது பெரிய வித்தியாசமாகத் தோன்றாது. ஆனால் முதல் தவணையான 839-இல் 750 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் கழிவது 89 மட்டுமே. நான்கு ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் 40,000-க்கு மேல் கட்டிய பிறகு அறிக்கையைப் பார்த்தால் 94,870 பாக்கி நின்றது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இந்த இடத்தில் என்னைக் காப்பாற்றியது, வாங்கும்போது ஓரளவு தற்செயலாக நான் செய்த ஒரு தேர்வு. இரண்டு கடன்கள் என் முன் இருந்தன. ஒன்றின் வட்டி அரை சதவீதம் குறைவு, ஆனால் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் கடனை முழுதாக அடைத்தால் கணிசமான அபராதக் கட்டணம். மற்றதில் வட்டி அதிகம், அபராதம் இல்லை. இடைத்தரகர் முதலாவதையே வற்புறுத்தினார். ஒப்பந்தத்தின் அந்தப் பத்தியை அவரால் விளக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்தால் இரண்டாவதை எடுத்தேன். திவாலுக்குப் பின் வாங்கும் முதல் கடன் 25 ஆண்டுகள் வைத்திருப்பதற்கானது அன்று. பதிவு சீராகும்வரை தங்கிப் போகும் சத்திரம் அது. சத்திரத்தின் வாடகையை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறும் வாசலைப் பாராமல் நுழைவதுதான் ஆபத்து.

நான்காம் ஆண்டு முடிவில் 7 சதவீதத்துக்குக் கடனை மாற்றினேன். புதிய நிறுவனம் மறுபடியும் 25 ஆண்டுக் காலத்தையே நீட்டியது; தவணை 671 ஆகக் குறையும் என்று ஆசை காட்டியது. எஞ்சிய 21 ஆண்டுகளுக்கே போதும் என்றேன், தவணை 720 வந்தது. அதன்பின் வீட்டில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு, பழகிப்போன 839-ஐயே தொடர்ந்து கட்டுவதென்று முடிவு செய்தோம். இப்படியே போனால் 21 ஆண்டுக் கடன் பதினைந்தரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். கூடுதல் தொகை அசலில்தான் வரவு வைக்கப்பட வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். முதல் இரண்டு மாதங்கள் அதை அடுத்த தவணைக்கான முன்பணமாக வரவு வைத்திருந்தார்கள். கேட்ட பிறகே திருத்தினார்கள்.

நான்கு மாதத் தவணைக்குச் சமமான பணத்தைத் தொடாமல் தனிக்கணக்கில் வைத்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் இரண்டு மாதங்கள் வருமானம் நின்றபோது அதுதான் தாங்கியது. திவாலானவன் மறுபடி ஒரு தவணை தவறுவதற்கும், மற்றவர் தவறுவதற்கும் ரிப்போர்ட்டில் ஒரே குறிதான் விழுகிறது. அதைப் படிப்பவர் மனத்தில் விழும் குறி ஒன்றாக இருப்பதில்லை. சம்பளம் வரும் நாளுக்கு அடுத்த நாளே தானியங்கிப் பற்று வைத்திருந்தேன். ஒரு முறை விடுமுறையால் சம்பளம் தாமதமாகிப் பற்று திரும்பியது. அன்றே தொலைபேசியில் பேசிக் கட்டிவிட்டதால் பதிவாகவில்லை. இப்போது ஐந்து நாள் இடைவெளி விட்டிருக்கிறேன்.

கடனை மாற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன, பாக்கி 83,458. முதல் நான்கு ஆண்டுகளில் 5,000 சொச்சமே கரைந்த அசல், பிந்தைய மூன்றில் 11,000-க்கு மேல் கரைந்திருக்கிறது. ரிப்போர்ட்டிலிருந்து திவால் பதிவும் நீங்கிவிட்டது. ஆனால் சென்ற மாதம் வேறொரு சிறு கடனுக்கான படிவத்தில், ‘எப்போதாவது திவாலாக அறிவிக்கப்பட்டிருக்கிறீர்களா’ என்று கேட்டிருந்தார்கள். சில படிவங்கள் கடந்த சில ஆண்டுகளை மட்டுமே கேட்கும், இது அப்படி இல்லை. பதிவில் இல்லை என்பதற்காக ‘இல்லை’ என்று எழுதினால் அது பொய்த் தகவலாகிவிடும். ‘ஆம்’ என்று குறித்து, விடுவிக்கப்பட்ட தேதியையும் எழுதி, ஆணையின் நகலை இணைத்துக் கொடுத்தேன்.