பெட்டியில் இல்லாத சிப்பாய்: நெப்போலியன் காலப் படைக்கு எந்தப் பொம்மை?

நெப்போலியன் காலப் படை ஒன்றைச் சேர்த்து மேசையில் போர் நடத்த ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: கெட்டி பிளாஸ்டிக் வாங்கலாமா, உலோகம் வாங்கலாமா, அந்த வளைகிற பிளாஸ்டிக் வாங்கலாமா? சிலர் விலையைச் சொல்லிப் பதில் தருவார்கள், சிலர் அழகைச் சொல்லி. நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். உங்களுக்கு வேண்டிய சிப்பாய் பெட்டிக்குள் இருக்கிறானா? இல்லையென்றால் அவனை எதை வெட்டி, எதை ஒட்டிக் கொண்டுவரப் போகிறீர்கள்? அது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மூன்று பேரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். கெட்டி பிளாஸ்டிக் என்பது 28 மி.மீ. அளவில் வரும் பாலிஸ்டைரீன். பெர்ரி, விக்ட்ரிக்ஸ், வார்லார்ட் ஆகிய பிரிட்டிஷ் நிறுவனங்கள் செய்கின்றன. உடல், தலை, முதுகுப்பை எல்லாம் ஒரு சட்டத்தில் தனித்தனியாகத் தொங்கும். நறுக்கி எடுத்து ஒட்ட வேண்டும். உலோகம் பல அளவுகளில் உண்டு: 28-இல் ஃப்ரண்ட் ராங்க், பெர்ரி; 18-இல் ஏபி; 6-இல் பாக்கஸ். மூன்றாவது 1/72 அளவிலான வளையும் பிளாஸ்டிக்: ஏர்ஃபிக்ஸ், இத்தாலெரி, ஹாட். ஆறடி ஆள் இந்த அளவில் 25 மி.மீ. வருவான். 1970-களில் பிரிட்டனில் பையன்களாக இருந்த பலருக்கு இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கிவைத்தது ஏர்ஃபிக்ஸ் பெட்டிதான்.

ஏன் சில சிப்பாய்கள் பெட்டியில் இருக்கிறார்கள், சிலர் இல்லை? அச்சு வெட்டும் செலவுதான் காரணம். கெட்டி பிளாஸ்டிக்குக்கு எஃகு அச்சு வேண்டும். அதற்குப் பெரிய முதல் போட வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கும் பிரெஞ்சு வரிசைக் காலாட்படைக்கும், பிரிட்டிஷ் சிவப்புக் கோட்டுக்கும், மார்புக்கவசம் அணிந்த கியூராசியர் குதிரைப்படைக்கும் அது கட்டுப்படியாகும். உலோகத்தை ரப்பர் அச்சில் வைத்துச் சுழற்றி வார்க்கிறார்கள். அந்த அச்சு மலிவு. வூர்ட்டெம்பர்க் என்ற சிறு ஜெர்மன் நாட்டின் காலாட்படை மாதிரி பத்துப் பேர் வாங்கும் சங்கதியையும் துணிந்து செய்யலாம். ஆக, ஊரறிந்த படை வேண்டுமானால் பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கும். மூலையில் நின்ற படை வேண்டுமானால் உலோகத்தில் காசு கொடுத்தால் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே கிடப்பதுதான் நம் கத்தி, நம் பசை, நம் ஞாயிற்றுக்கிழமை.

கெட்டி பிளாஸ்டிக்கின் பலம் கழுத்தில் இருக்கிறது. தலை தனியாக வருகிறதே, அதைச் சொல்கிறேன். ஆஸ்டர்லிட்ஸ் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1805 டிசம்பர் 2-இல் அங்கே நின்ற பிரெஞ்சு வரிசைக் காலாட்படைக்கு ஷாக்கோ என்ற அந்த உயரமான உருளைத் தொப்பி கிடையாது. அதற்கு உத்தரவு வந்தது 1806-இல். அதுவரை இரண்டு பக்கமும் மடித்துவிட்ட பைகார்ன் தொப்பிதான். கோட்டு கிட்டத்தட்ட ஒன்றே: நீண்ட வால், நடுவில் வெட்டி விலகிய மார்பு மடிப்பு, உள்ளே தெரியும் வெள்ளை வெயிஸ்ட்கோட்டு. அதனால் 1807–14 என்று எழுதிய பெட்டியை வாங்கி, தலையை மட்டும் மாற்றினால் ஆஸ்டர்லிட்ஸ் பட்டாளம் தயார். ஷாக்கோவைச் சீவிவிட்டு, பச்சைப் புட்டியில் பிறை வடிவமாக ஒரு பைகார்னைப் பிசைந்து வைக்கலாம். பச்சைப் புட்டி என்பது நீலமும் மஞ்சளுமாக வரும் இரண்டு பட்டைகளைப் பிசைந்தால் பச்சையாகும் எபாக்ஸி. முதல் நான்கு தொப்பிகள் தோசை மாதிரி வரும். கவலைப்படாதீர்கள், அவர்களைப் பின்வரிசையில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பசை இரண்டு பரப்பையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடுவதால், ஒட்டிய தலை பிறகு கீழே விழுந்தாலும் கழலாது.

இதையே உலோகத்தில் செய்வதென்றால் கழுத்தைச் சிறு ரம்பத்தால் அறுத்து, உடலிலும் தலையிலும் 1 மி.மீ. துளையிட்டு, கம்பி செருகி, சூப்பர் க்ளூ விட்டு இறுக்க வேண்டும். ஒரு சாயங்காலத்தில் ஆறு பேர் முடித்தால் நான் பெருமைப்படுவேன். பழைய உருவங்களில் ஈயமும் கலந்திருக்கும். ராவிய தூளை ஊதக் கூடாது, கையைக் கழுவாமல் காபி டம்ளரைத் தொடவும் கூடாது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உலோகத்தில் பைகார்ன் போட்ட பிரெஞ்சுக்காரனே தயாராகக் கிடைப்பான். நீங்கள் ஏன் அறுக்க வேண்டும்?

வளையும் பிளாஸ்டிக் விஷயத்தில் எனக்குப் பாசமும் உண்டு, கோபமும் உண்டு. பாலித்தீன் வகைப் பொருள் அது. பசை பிடிக்காது, புட்டி பிடிக்காது, ராவினால் தும்பு தும்பாக எழும். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோட்டைக் கூரான பிளேடால்தான் சீவ வேண்டும். தலை மாற்ற, சூடாக்கிய குண்டூசியை உடலுக்குள் செருகி அதன்மேல் தலையைக் குத்த வேண்டும், பசை துணைக்குத்தான். பெயின்ட் அடிப்பதிலும் அதே பிடிவாதம். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவாவிட்டால் பெயின்ட் உரியும். கழுவினாலும் துப்பாக்கியும் அதன் முனையில் இருக்கும் பயனெட் கத்தியும் வளையும் இடத்தில் மெல்ல உரியத்தான் செய்யும். முதலில் மரப்பசையை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு, கடைசியில் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்தால் ஓரளவு தாங்கும். இத்தனைக்கும் பிறகு ஏன் வாங்குகிறார்கள்? ஒரு உலோகப் பட்டாலியன் வாங்கும் காசில் பல பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு டிவிஷனே வந்துவிடும், அதனால். உடல்வாகும் 28 மி.மீ. ஆட்களைவிட ஒல்லி, அவர்களுக்கு இருக்கும் பெரிய கையும் பூசணித் தலையும் இவர்களுக்குக் கிடையாது. தோற்றத்துக்கு இவர்களே நிஜ மனிதர்கள்.

இனி கத்தியே தொடாத மாற்றம். இந்த அலசலில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

நெப்போலியன் படையில் பிரெஞ்சுக்காரர் மட்டுமா இருந்தார்கள்? 1812-இல் ரஷ்யாவுக்குள் போனவர்களில் நான்கு சுவிஸ் ரெஜிமெண்டுகள் உண்டு. பொலோட்ஸ்கில் சண்டையிட்டு, நவம்பர் 28-இல் பெரெசினா ஆற்றங்கரையில் ஏறக்குறைய அழிந்துபோனவர்கள். அவர்கள் கோட்டின் வெட்டு பிரெஞ்சு வெட்டு, நிறம் மட்டும் சிவப்பு. கழுத்துப்பட்டை, மார்பு மடிப்பு, கைமடிப்பு ஆகியவற்றின் நிறத்தை வைத்து ரெஜிமெண்டைச் சொல்லலாம்: முதலாவதுக்கு மஞ்சள், இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்குக் கறுப்பு, நான்காவதுக்கு வான்நீலம். ஒரே பெட்டி, நான்கு ரெஜிமெண்டு, ஒரு வெட்டுக்கூட இல்லை. பெர்க் நாட்டுக்காரன் வேண்டுமா? வெள்ளைக் கோட்டு, வெளிர்நீல மடிப்பு. ஐரிஷ் லெஜியன் வேண்டுமா? பச்சைக் கோட்டு, மஞ்சள் மடிப்பு. பிரெஞ்சுக்காரர்களிலேயே சில ரெஜிமெண்டுகளுக்கு 1806-இல் வெள்ளைக் கோட்டு கொடுக்கப்பட்டது. கடலைப் பிரிட்டிஷ் கப்பல்கள் அடைத்துக்கொண்டதால் நீலச் சாயத்துக்கு அவுரி கிடைக்கவில்லை. 1807-இல் மறுபடி நீலத்துக்கே திரும்பிவிட்டார்கள். நம் பக்கம் விளையும் அதே அவுரிதான். ஒரு செடி கிடைக்காததால் ஒரு படையின் சட்டை மாறிய கதை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கடைக்குப் போனால் 1807–14 என்று ஒரு பெட்டி இருக்கும், 1812–15 என்று இன்னொன்று. பொலோட்ஸ்க் 1812 தானே என்று இரண்டாவதை எடுத்துவிடாதீர்கள். குட்டை வால், இடுப்புவரை மூடிய மார்பு என்று பார்டாங் வகுத்த புதிய சீருடைக்கு 1812 ஜனவரியில் ஆணை பிறந்தது உண்மை. ஆனால் ரஷ்யாவுக்கு நடந்துபோனவர்கள் முதுகில் பெரும்பாலும் பழைய கோட்டுதான் இருந்தது. ஆணை பாரிஸில் பிறக்கும். துணி கிடங்கிலிருந்து வர வேண்டாமா? 1815-இல் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூவிலும் இதே கூத்து. பிரிட்டிஷ் காலாட்படையில் பலர் முன்பக்கம் உயர்ந்த புதிய பெல்ஜிக் ஷாக்கோவில் நிற்க, 28-ஆவது ரெஜிமெண்ட் பழைய குழாய்த் தொப்பியோடு நின்றது. அதற்கு வாட்டர்லூ பெட்டியைவிட ஸ்பெயின் போர்க்காலப் பெட்டியே பொருத்தம்; மஞ்சள் மடிப்பு அடித்தால் போதும்.

பெயின்டுக்கு வருவோம். இங்கேயும் மூன்று கட்சி. ஒன்று, ஃபவுண்டரி நிறுவனம் மூன்று மூன்றாக விற்கும் பெயின்ட் முறை: பிரைமர் என்ற அடிப்பூச்சு கறுப்பில், அதன்மேல் இருள், நடு, வெளிச்சம் என மூன்று அடுக்கு. இரண்டு, 2019-இல் சிட்டடெல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வகை: வெளிர் பிரைமர் மேல் ஒரே பூச்சு, மடிப்பில் தானாக இருண்டு மேட்டில் வெளுக்கும். மூன்று, தட்டை நிறங்கள் அடித்துவிட்டு மேலே பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த பெயின்ட்) அல்லது சாயம் கலந்த வார்னிஷ்.

மூன்றும் நெப்போலியன் சிப்பாயிடம் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கின்றன: மார்பில் குறுக்கே போகும் இரண்டு வெள்ளை வார்கள். கரு நீலத்தின்மேல் வெள்ளையை நேரே அடித்தால் மூன்று பூச்சு ஆனாலும் சுண்ணாம்பு அடித்த மாதிரிதான் இருக்கும். முதலில் வெளிர் சாம்பல், பிறகு நடுவில் மட்டும் வெள்ளை. ஓரத்தில் மிஞ்சும் சாம்பலே நிழலாகிவிடும். பழுப்பு வாஷ் கட்சிக்காரர்களின் வார்கள் காவி ஏறிப்போகும். போர்க்களத்துக்கு அது பரவாயில்லை, ஆஸ்திரிய வெள்ளைக் கோட்டுக்கு அது கொடுமை. ஆஸ்திரியர்களுக்குக் கான்ட்ராஸ்டின் வெளிர் சாம்பல் ஒரே பூச்சில் முடித்துவிடுகிறது. பட்டாலியன் பட்டாலியனாக அவர்களை அடிக்க எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. சுவிஸ் சிவப்புக்கும் அதுவே நல்லது, ஏனென்றால் கறுப்பு பிரைமர் மேல் சிவப்பு செத்துப்போகும். மஞ்சள் மடிப்புக்கு மட்டும் அடியில் காவிநிறம் ஒரு பூச்சு கொடுங்கள், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். பிரெஞ்சு நீலத்துக்கு நான் அடுக்கு முறைக்காரன். உண்மைத் துணி எவ்வளவு கருநீலமோ அதைவிட ஒரு படி வெளுப்பாக அடித்தால்தான், கையெட்டும் தூரத்தில் கறுப்பாகத் தெரியாமல் நீலமாகத் தெரியும்.

வார்னிஷ் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். மழைநாளில் மேட் ஸ்ப்ரே அடித்தேன். மறுநாள் காலை முழுப் பட்டாலியனும் பனியில் உறைந்ததுபோல் வெள்ளைபூத்து நின்றது. ரஷ்யாவிலிருந்து பின்வாங்கும் படை என்று சொல்லி ஒருமுறை ஆடிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. இப்போது தூரிகையால்தான் பூசுகிறேன்.

எத்தனை பேர் வேண்டும் என்பது தனிக் கணக்கு. 1808 பிப்ரவரி ஆணைப்படி ஒரு பிரெஞ்சு பட்டாலியன் ஆறு கம்பெனி, 840 பேர். இருபது பேருக்கு ஒரு பொம்மை என்றால் 42. கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு பெட்டி அளவு அது. உலோகத்தில் தட்டைத் தூக்கும்போது மணிக்கட்டு வலிக்கும். டிவிஷன் டிவிஷனாக ஆட வேண்டுமென்றால் 28-ஐ மறந்துவிட்டு 18 மி.மீ. உலோகத்துக்குப் போங்கள் என்பேன். அந்த அளவில் பொத்தான்கூடத் தெரியும், ஆனால் அதை அடிக்காமல் விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மாற்றம் செய்ய மட்டும் அது இடம் கொடுக்காது. நெல்மணி அளவுத் தலையை அறுத்து ஒட்டுகிறவருக்கு என் வணக்கம். இதற்கும் கீழே போன ஆள் ஒருவர் உண்டு. வில்லியம் சைபோர்ன் 1838-இல் லண்டனில் காட்டிய வாட்டர்லூ மாதிரியில் 70,000-க்கும் மேற்பட்ட குட்டி உலோக உருவங்கள். இன்று அது அங்குள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதிர்த்திசையில், 2019 ஜூனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட 28 மி.மீ. உருவங்களை வைத்தே வாட்டர்லூவை ஆடினார்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு இரண்டும் ஆகாது.

வீட்டிலேயே ரெசினில் பொம்மை அச்சடிக்கும் 3D பிரின்டர் வந்ததும் இந்தப் போட்டியே முடிந்தது என்கிறார்கள். நான் பார்த்தவரை பயனெட் தொட்டால் ஒடிகிறது, விளையாடும் கைகளுக்கு அது ஆகாது. தனித் தலைகளை அச்சடித்துக் கெட்டி பிளாஸ்டிக் உடலில் ஒட்ட அருமையான துணை.

பெட்டியில் இல்லாத சிப்பாய்களிலேயே எனக்கு அடுத்து வேண்டியவர்கள் மதராஸ் காலாட்படைக்காரர்கள்: வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தளபதியாக இருந்த வெலிங்டன், அந்தப் பட்டம் பெறுவதற்கு முன் வெறும் வெல்லெஸ்லியாக இருந்தபோது, 1803 செப்டம்பர் 23-இல் மராட்டியரோடு நடந்த அசாயே போரில் அவர் பின்னால் ஆற்றைக் கடந்தவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் அந்த வரிசைகளில் இருந்தார்கள். சிவப்புக் கோட்டு பிரிட்டிஷ் பெட்டியில் கிடைத்துவிடும். ஆனால் தொடை தெரியும் குட்டைக் கால்சட்டை, வெறுங்கால், தலைப்பாகை மாதிரித் தொப்பி என்று இடுப்புக்குக் கீழேயும் கழுத்துக்கு மேலேயும் எல்லாமே புட்டியில் செய்ய வேண்டும். மூன்று பேருக்குச் செய்து பார்த்தேன். நாலாவது ஆளுக்கு முழங்கால் வைக்கும்போது, பேசாமல் உலோகத்திலேயே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த மூவரும் காலடித் தட்டு ஒட்டாமல், பிரைமர் மட்டும் அடித்து, ஜன்னலோரம் நிற்கிறார்கள்.