தராசின் தூக்கத்தைச் சரிசெய்து கொடுத்த கம்பம் கடை

கம்பத்தில், கம்பராயப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது இந்த சர்வீஸ் கடை. பெயர்ப் பலகை கிடையாது. 'எலக்ட்ரானிக் தராசு, பில் மெஷின், கம்ப்யூட்டர் பழுது பார்க்கப்படும்' என்று மாடிப்படி ஓரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் மட்டும் கட்டியிருக்கிறார்கள். மூன்று மாதம் என்னை ஆட்டி வைத்த ஒரு கோளாறை இங்கேதான் வேரோடு தீர்த்தார்கள். மலையில் ஏலக்காய், மிளகு, காப்பி எடுக்கிறவர்களில் நிறைய பேர் லேப்டாப்பில்தான் இப்போது எடை போடுகிறார்கள், அவர்களுக்குப் பயன்படும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

நான் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற கம்பம்மெட்டில் பச்சைக்காய், அதாவது காயவைக்காத ஏலக்காய், வாங்குகிறேன். ஆடியில் தொடங்கினால் தை வரை ஓட்டம்தான். கடையில் உட்கார்ந்து வாங்குவது பாதி, ஜீப்பில் தராசை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே போய் எடை போடுவது பாதி. அங்கே கரண்ட் இருக்காது, இருந்தாலும் ஐப்பசி மழையில் முதல் இடி விழுந்ததும் போய்விடும். தராசுக்கு அதன் சொந்த பேட்டரி, பில்லுக்கு லேப்டாப் பேட்டரி, அவ்வளவுதான் துணை. லேப்டாப்பில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்ற இயங்குதளம். தராசு இண்டிகேட்டரிலேயே, அதாவது எடையைக் காட்டுகிற பெட்டியிலேயே, யூஎஸ்பி போர்ட் இருக்கிறது, அதை லேப்டாப்போடு பேச வைக்கிற நிரலான டிரைவரை தராசோடு ஒரு சிடியில், திருத்தக்கூடிய மூல வடிவமான சோர்ஸ் கோடாகவே கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. இந்த சீசன் ஆரம்பத்தில் பேட்டரி இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டுமே என்று டிஎல்பி என்ற மின்சேமிப்பு நிரலைப் போட்டேன். அங்கிருந்துதான் வினை தொடங்கியது.

கூட்டம் இருக்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். ஐந்து பத்து நிமிடம் ஆள் இல்லாமல் இருந்து, அடுத்தவர் வந்து மூட்டையை வைத்தால், தராசின் சிவப்பு எழுத்தில் எடை வரும், லேப்டாப் திரையில் வராது. வராமல் வெறுமனே நின்றால் பரவாயில்லை. என் பில் மென்பொருள் கடைசியாக நிலைத்து நின்ற எடையை, புதியது வரும் வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை, ஒரு சேச்சி இரண்டு சாக்கு கொண்டு வந்தார். தராசில் 42.35. திரையில் 38.60, முன்னால் போனவருடைய எடை. நான் கவனிக்காமல் பில்லை அடித்து நீட்டிவிட்டேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "மோனே, இது என்றெ தூக்கமல்லல்லோ" என்றார். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. 3.75 கிலோ குறைவு, பச்சைக்காய் விலைக்கு அது ஆயிரம் ரூபாய்க்கு மேல். திருத்திக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். ஆனால் அன்று ராத்திரி எனக்கு உறக்கம் இல்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் யார் யாருக்கு இப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எல்லையில் வியாபாரம் செய்கிறவனுக்கு எடை தப்பினால் பேரும் போச்சு, பிழைப்பும் போச்சு.

தராசு விற்றவர்களைக் கூப்பிட்டால், கழற்றி மாட்டுங்கள் சார் என்றார்கள். கழற்றி மாட்டினால் சரியாகும்தான், ஆனால் அந்தப் போர்ட்டுக்கு லினக்ஸ் முதலில் கொடுத்திருந்த ஜீரோ என்ற எண் ஒன்று என்று மாறிவிடும், பில் மென்பொருள் போர்ட்டைக் காணோம் என்று சொல்லும், அதையும் மூடித் திறக்க வேண்டும். மழையில் நனைந்துகொண்டு ஆட்கள் நிற்கும்போது இதெல்லாம் ஆகிற காரியமா? இன்னொரு கடையில் யூஎஸ்பி மின்சேமிப்பையே மொத்தமாக அணைத்துக் கொடுத்தார்கள். கோளாறு நின்றது, பேட்டரி போனது. ஒரு யூஎஸ்பி சாதனம் விழித்தே இருந்தால் அதை இயக்குகிற கன்ட்ரோலரும் விழித்தே இருக்கும், பிராசஸரும் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகாது. நாலு மணி நேரம் வருகிற பேட்டரி எனக்கு மூன்றேகாலுக்கு இறங்கிவிட்டது. அந்த முக்கால் மணி நேரம்தான் தோட்டத்தில் கடைசி நாலு பேருக்கு பில் போடுகிற நேரம்.

அப்புறம்தான் ஒரு மிளகு வியாபாரி சொல்லி இந்தக் கடைக்குப் போனேன். நடத்துகிற தம்பிக்கு முப்பது வயதுதான் இருக்கும். நான் சொன்னதைக் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: "அண்ணே, ஆள் இல்லாதப்ப தராசு டிஸ்ப்ளே மங்குமா?" மங்கும். தட்டு காலியாகச் சில நிமிடம் இருந்தால் இண்டிகேட்டர் தன் பேட்டரியை மிச்சம் பிடிக்க எடை அனுப்புவதை நிறுத்திவிடும். மூட்டை வைத்ததும் மறுபடி அனுப்பும். "அப்ப தராசுல ஒண்ணும் இல்லண்ணே. டிரைவரு அதைத் தூங்க வைக்குது, எழுப்பத் தெரியல" என்றார். இண்டிகேட்டர் பெட்டியைத் திறக்கவே இல்லை. அதில் லீகல் மெட்ராலஜி, அதாவது அரசின் எடையளவு முத்திரை இருக்கிறது, எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை போடுவது, உடைத்தால் மறுபடி முத்திரை வாங்க அலைய வேண்டும். இது தெரிந்த ஆள் என்பதே எனக்கு நிம்மதி.

எனக்குப் புரிகிற மாதிரி அவர் விளக்கியதை எழுதுகிறேன். யூஎஸ்பி கம்பியில் 3 மில்லி செகண்ட் அசைவே இல்லை என்றால் சாதனம் உறக்கத்துக்குப் போக வேண்டும், உறங்கும்போது 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கக் கூடாது, இது யூஎஸ்பி விதி. எப்போது உறங்க வைப்பது என்பதை லினக்ஸ் முடிவு செய்யும், வழக்கமாக 2 செகண்ட் வேலை இல்லை என்றால். ஆனால் தானாக இதைச் செய்வதில்லை. சாதனத்தின் பவர் ஃபோல்டரில் கன்ட்ரோல் என்ற கோப்பில் 'ஆட்டோ' என்று இருக்க வேண்டும், டிரைவரும் எனக்குச் சம்மதம் என்று சொல்லியிருக்க வேண்டும். டிஎல்பி முதலாவதைச் செய்தது. இரண்டாவதை, அதாவது சப்போர்ட்ஸ் ஆட்டோசஸ்பென்ட் என்ற வரியை, டிரைவர் எழுதியவர் போட்டு வைத்திருந்தார். சம்மதம் சொன்னவர் அதற்குண்டான வேலைகளைச் செய்யவில்லை, அங்கேதான் கோளாறு.

கூட்டம் இருக்கும்போது எடை இடைவிடாமல் வந்துகொண்டிருப்பதால் 2 செகண்ட் சும்மா இருக்காது, உறங்காது. கூட்டம் குறைந்து இண்டிகேட்டர் அனுப்புவதை நிறுத்தினால் யூஎஸ்பி பக்கம் உறங்கிவிடும். அடுத்த மூட்டை வந்து இண்டிகேட்டர் பேச ஆரம்பித்தால், உறங்குகிற சாதனம்தான் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்ப வேண்டும். ரிமோட் வேக்கப் என்று அதற்குப் பெயர். என் தராசுக்கு அந்தத் திறமை இருக்கிறதா என்று என் கண்முன்னேயே பார்த்தார். சாதனம் தன்னைப் பற்றித் தானே சொல்லுகிற விவரத்தில் ஒரு வரி, ஹெக்ஸ் எண்ணில் (எழுத்தும் கலந்து வருகிற கம்ப்யூட்டர் எண் முறை) 80 என்று இருந்தது. ஏ0 என்று இருந்திருந்தால் எழுப்பத் தெரியும் என்று அர்த்தமாம். விரலை அந்த 80 மேல் வைத்து, "இதுக்கு வாயே இல்லண்ணே" என்றார். மூன்று மாதம் நான் தேடிக்கொண்டிருந்தது திரையில் அந்த இரண்டு இலக்கத்தில் இருந்தது.

அவர் செய்த திருத்தம் பெரிய நிரல் ஒன்றும் இல்லை. பில் மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்போது, நீட்ஸ் ரிமோட் வேக்கப் என்ற அடையாளக் கொடியை இப்போது ஏற்றிவிடுகிறது டிரைவர். இந்தச் சாதனத்துக்கு எழுப்பத் தெரிந்தாக வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அந்தத் திறமை இல்லாத சாதனம் என்றால் லினக்ஸே உறங்க வைக்க மறுத்துவிடும். போர்ட்டை மூடினால் கொடி இறங்கும், தாராளமாக உறங்கலாம். வேலை நேரத்தில் விழிப்பு, மற்ற நேரத்தில் உறக்கம். மின்சேமிப்பை அணைக்கவே தேவையில்லை.

இன்னொரு ஓட்டையும் கண்டுபிடித்தார், அது எனக்குத் தெரியவே தெரியாது. தராசுக்கு ஜீரோ கட்டளை அனுப்புவதற்கு முன்னால் டிரைவர் சாதனத்தை விழித்திருக்கச் சொல்லி ஒரு கணக்கு ஏற்ற வேண்டும், அனுப்பி முடிந்ததும் அந்தக் கணக்கை இறக்க வேண்டும். அனுப்பும்போது பிழை வந்தால், இறக்காமலே திரும்பிவிடுகிற ஒரு வழி உள்ளே இருந்தது. கடன் நோட்டில் பணம் வாங்கிவிட்டு வரவு எழுதாமல் விட்ட மாதிரி, அந்த ஒன்று நின்றுகொண்டே இருக்கும், அப்புறம் அந்தச் சாதனம் உறங்கவே உறங்காது. சில நாள் எழுப்ப முடியவில்லை, சில நாள் பேட்டரி சீக்கிரம் போகிறது என்று நான் இரண்டு விதமாகச் சொன்னதை, முந்தைய கடைக்காரர் குழப்புகிறீர்கள் சார் என்றார். இரண்டுமே உண்மை, இரண்டுமே ஒரே டிரைவரில்.

இனி குறையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை கொடுத்தது முழுதாக வேலை செய்யவில்லை. லேப்டாப்பை மூடி ஜீப்பில் வைத்து, தோட்டத்தில் திறந்தால், எடைக்குப் பதில் கட்டம் கட்டமாக, புள்ளி புள்ளியாக ஏதேதோ குப்பை எழுத்து. போனில் சொன்னேன், உடனே அவருக்குப் பிடிபட்டது. லேப்டாப் மொத்தமாக உறங்கும்போது யூஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரமே நின்றுவிடுகிறது, திறந்ததும் சாதனம் புதிதாகப் பிறந்த மாதிரி எழுகிறது. 9600 வேகத்தில் பேச வேண்டும் என்று முன்னால் சொல்லி வைத்ததெல்லாம் அதற்கு மறந்துபோயிருக்கும். அதற்கென்று ரீசெட் ரெஸ்யூம் என்று தனி வழி ஒன்று டிரைவரில் வேண்டும். பழைய டிரைவரில் அதுவே இல்லை, அது இல்லாவிட்டால் லினக்ஸ் தானே டிரைவரைக் கழற்றி மறுபடி மாட்டிவிடும், கேபிளைக் கழற்றி மாட்டின மாதிரியே போர்ட் எண்ணும் மாறிவிடலாம். இவர் அந்த வழியைச் சேர்த்து, படிக்கும் வேலையை மறுபடி தொடங்கி வைத்திருந்தார், வேகத்தை மறுபடி சொல்ல மட்டும் விட்டுவிட்டார். மறுநாள் கம்பம்மெட்டுக்கே பைக்கில் வந்து உட்கார்ந்து சரிசெய்தார். பெட்ரோலுக்குக்கூட வாங்கவில்லை, தப்பு என்னுடையதுண்ணே என்றார்.

மொத்தம் ஒன்பது நாள் ஆனது, சீசனில் அது அதிகம்தான். அந்த ஒன்பது நாளும் கையால் எழுதித்தான் பில் போட்டேன். காலையில் பத்து மணிக்கு முன் போன் எடுக்க மாட்டார்கள். கூலி 3,500 ரூபாய். புதுத் தராசு வாங்கி முத்திரை குத்துகிற செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, திருத்திய சோர்ஸ் கோடு முழுவதையும் பென்டிரைவில் கொடுத்தார், எந்த வரியை ஏன் மாற்றினேன் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறார். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு அப்டேட் வந்தால் டிரைவர் அதற்கேற்ப சோர்ஸிலிருந்து தானே மறுபடி கட்டிக்கொள்கிற மாதிரி டிகேஎம்எஸ்-இலும் சேர்த்துவிட்டார். நாளைக்கு அவர் கடையை மூடினாலும் இன்னொருவர் கையில் எடுக்கலாம். இரண்டு, அவர் மேசையில் லினக்ஸ் கர்னலோடு வருகிற யூஎஸ்பி பவர் மேனேஜ்மென்ட் ஆவணத்தின் பிரிண்ட் இருந்தது. லினக்ஸின் யூஎஸ்பி பகுதியை எழுதுகிறவர்களில் ஒருவரான ஆலன் ஸ்டெர்ன் எழுதியது, 2014 பிப்ரவரியில் கடைசியாகத் திருத்தியது. ஓரமெல்லாம் பேனாவால் குறிப்பு. படித்துவிட்டுக் கை வைக்கிற ஆளிடம் பொருளைக் கொடுத்துவிட்டு வருவதில் ஒரு தைரியம் இருக்கிறது.

வேலை முடிந்ததும் ஒரு சோதனையும் சொல்லிக் கொடுத்தார், நீங்களும் செய்து பார்க்கலாம். அதே பவர் ஃபோல்டரில் கனெக்டட் டியூரேஷன், ஆக்டிவ் டியூரேஷன் என்று இரண்டு கோப்பு. சாதனம் மாட்டி எவ்வளவு நேரமாயிற்று, அதில் எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்று மில்லி செகண்டில் இருக்கும். இரண்டும் எப்போதும் ஒன்றாகவே ஏறிக்கொண்டிருந்தால் உங்கள் சாதனம் உறங்கவே இல்லை. எனக்கு ஒரு மணி நேரத்தில் விழித்திருந்தது இருபது நிமிடத்துக்கும் குறைவு. எடைத் திரையை வேலை முடிந்ததும் மூடுகிற பழக்கம் மட்டும் வேண்டும், திறந்தே வைத்திருந்தால் உறங்காது. அது எனக்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று.

போகிறவர்கள் தராசு இண்டிகேட்டர், கேபிள், லேப்டாப், வாங்கும்போது கொடுத்த சிடி எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். டிரைவர் சோர்ஸ் இல்லாமல், அதிலிருந்து கம்ப்யூட்டர் ஓட்டுவதற்காகக் கட்டிய (கம்பைல் செய்த) கோப்பு மட்டும் இருந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுவார். ஞாயிறு லீவு, ராத்திரி எட்டு மணிக்குக் கடை அடைத்துவிடுவார்கள், கம்பம்மெட்டு பக்கத்திலிருந்து போகிறவர்கள் மத்தியானமே மலை இறங்கிவிடுவது நல்லது.