புதிய காரின் முதல் ஆயில் மாற்றம்: ஒரு சர்வீஸ் சென்டர் மதிப்பீடு
ஆயிரம் கிலோமீட்டரிலேயே எஞ்சின் ஆயிலை மாற்றச் சொல்லி வற்புறுத்தாமல், கையேட்டில் உள்ளபடி 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது வந்தால் போதும் என்று முதல் பரிசோதனையின்போதே சொல்லி அனுப்பிய இந்த சர்வீஸ் சென்டரின் நேர்மை பாராட்டத்தக்கது. புது எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு படியும்போது உதிரும் நுண்ணிய உலோகத் துகள்களில் பெரும்பகுதியை ஃபில்டரே பிடித்துக்கொள்வதால், அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. (முன்கூட்டி மாற்றினால் எஞ்சினுக்குக் கேடில்லை, செலவுதான் கூடும்.) ஆயில் மாற்றிய அன்று ஃபில்டரோடு, வடிகால் போல்ட்டின் வாஷரையும் கேட்காமலே புதிதாகப் போட்டார்கள். ஆனால் ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மீண்டும் செருகிப் பார்த்தபோது ஆயில் மேல் குறியைத் தாண்டி நின்றது. சுட்டிக்காட்டிய பிறகே மிகுதியை வடித்தார்கள். அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறேன்.