பிடி-1 புரதம்: ஹிஸ் டேக்கா, எஃப்சி இணைப்பா?

டி செல் என்ற நோயெதிர்ப்பு செல்லுக்கு பிரேக் போடும் பிடி-1 ஏற்பியை 1992-இல் கியோட்டோவில் தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வகம் கண்டறிந்தது. அதன் வெளிப்பகுதியை மட்டும் தனியே தயாரித்து ஆய்வுக்கு விற்கிறார்கள். வாங்கப்போனால் முதல் குழப்பம்: ஹிஸ் டேக் போட்டதா, எஃப்சி இணைத்ததா?

ஹிஸ் டேக் என்பது புரதத்தின் நுனியில் ஒட்டிய சில ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள், அவ்வளவுதான். புரதம் ஒற்றையாகவே இருக்கும். எஃப்சி என்பது ஆன்டிபாடியின் அடிப்பகுதி. அது தானாகவே ஜோடி சேர்ந்துகொள்ளும், அதனால் ஒரு மூலக்கூறில் இரண்டு பிடி-1 தொங்கும்.

இந்த இரட்டைதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. ஒற்றை பிடி-1, தன் இணையான பிடி-எல்1 புரதத்தோடு சேரும் பிணைப்பு ரொம்பவே தளர்வு. கேடி (பிணைப்பின் பலத்தைக் காட்டும் எண், குறையக் குறைய பலம் அதிகம்) சுமார் 8 மைக்ரோமோலார். எஃப்சி வடிவத்தில் ஒரு கை நழுவினாலும் மறு கை பிடித்திருக்கும், பிணைப்பு பல மடங்கு பலமாகத் தெரியும். அதைப் பிடி-1-இன் உண்மையான கேடி என்று எழுதிவிடாதீர்கள். கேடி அளக்க ஹிஸ் டேக்தான் என் தேர்வு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்காக எஃப்சியை ஒதுக்கவும் முடியாது. செல் மேல் பிடி-எல்1 இருக்கிறதா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓட்டிப் பார்க்கும் முறை) பார்க்கும்போது, ஒற்றைப் புரதம் கழுவும்போதே போய்விடும், எஃப்சி நிற்கும். ஆனால் மோனோசைட் என்ற வெள்ளணு போன்ற செல்களில் எஃப்சி ஏற்பிகள் உண்டு. முதலில் அவற்றை பிளாக் செய்யாவிட்டால் தெரிவது பிடி-எல்1-ஆ, வெறும் எஃப்சி பிணைப்பா என்றே சொல்ல முடியாது.

எலைசாவில் (தட்டுக் குழிகளில் ஆன்டிபாடி ஒட்டியதை நிறத்தால் காட்டும் சோதனை) நான் பட்டது வேறு. மனித எஃப்சி இணைத்த பிடி-1-ஐத் தட்டில் பூசி, அதன் மேல் மனித ஐஜிஜி வகை ஆன்டிபாடி (அதிலும் அதே எஃப்சி உண்டு) ஒன்றைச் சோதித்தேன். கடைசியில் நிறவினையை நிறுத்த அமிலம் ஊற்றியதும் ஆன்டிபாடியே போடாத குழிகள் உட்பட 96-உம் மஞ்சள்! நிறம் காட்டுவதற்காகச் சேர்த்த, மனித ஐஜிஜியைத் தேடும் இரண்டாம் ஆன்டிபாடி, பூசிய புரதத்தின் எஃப்சியையே நேராகப் பிடித்திருந்தது. ஹிஸ் டேக்குக்கு மாறினேன், வெற்றுக் குழிகள் தெளிந்தன. எலி எஃப்சி இணைத்ததும் உதவும்.

அப்புறம், எந்த செல்லில் தயாரித்தது என்பதையும் பாருங்கள். பிடி-1-இல் சர்க்கரை ஒட்டும் இடங்கள் நான்கு. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தால் அந்த இடங்களில் சர்க்கரை ஒட்டாது. படிக ஆய்வுக்கு அது வசதி, ஆன்டிபாடி சோதனைக்கு இல்லை. பிடி-1-ஐத் தடுக்கும் ஆன்டிபாடி மருந்தான கேம்ரெலிசுமாப் 58-ஆம் இடத்துச் சர்க்கரையையும் சேர்த்தே அடையாளம் காண்கிறது. ஆகவே ஹெச்.ஈ.கே. 293 போன்ற மனித செல்லில் தயாரித்ததையே கேளுங்கள். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் அது கணக்குப்படியான சுமார் 17 கிலோடால்டனில் வராமல், 30-ஐத் தாண்டி அகலமாகப் படரும். முதல் தடவை பார்ப்பவர்கள் கலப்படம் என்று நினைத்துப் பதறுவார்கள். அது சர்க்கரை. சர்க்கரையை வெட்டி நீக்கும் பிஎன்கேஸ் எஃப் என்ற நொதியைச் சேர்த்து ஓட்டுங்கள், பட்டை கீழே இறங்கி ஒடுங்கும்.