ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்கள் ஊரில் பல் வேலை செய்துகொள்ளும்போது: சென்னைப் பயணக் குறிப்புகள்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வெளிநாட்டுத் தமிழர் பலர் பல் வேலையையும் சேர்த்து முடித்துக்கொண்டு வருகிறார்கள். லண்டனிலும் டொராண்டோவிலும் பல்லுக்கு மேல் மூடி போல மாட்டும் ஒரு கேப் போட ஆகும் செலவையும் காத்திருப்பையும் பார்த்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்னையின் நல்ல கிளினிக்குகளில் ரூட் கேனல் ஒன்றிரண்டு சிட்டிங்கில் முடிகிறது. மாவு வைத்து அச்சு எடுப்பதற்குப் பதில் ஸ்கேனரிலேயே அளவெடுக்கிறார்கள். லேபிலிருந்து ஜிர்கோனியா கேப் ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது.

ஆனால் கிளினிக்கில் நிரப்பத் தரும் படிவத்தில் சுகர், பிரஷர், இதயம், அலர்ஜி பற்றிக் கேட்பார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதில்லை. நோயாளிக்கும் அதைச் சொல்லத் தோன்றுவதில்லை. பல்லுக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிடுகிறார். சம்பந்தம் நிறைய இருக்கிறது. காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷின் போடுபவருக்கு ஒரு விதமான சிக்கல், கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் வாய்க் கருவி போடுபவருக்கு வேறு விதமான சிக்கல். உங்கள் ஸ்லீப் டாக்டர் ஒரு நாட்டில், பல் டாக்டர் இன்னொரு நாட்டில். இருவருக்கும் நடுவே தகவல் கொண்டுபோக உங்களை விட்டால் ஆள் கிடையாது.

வாய்க் கருவியிலிருந்து தொடங்குகிறேன். ஊரில் அதிகம் கெட்டுப்போவது இதுதான். மேல் வரிசைக்கு ஒரு தட்டு, கீழ் வரிசைக்கு ஒரு தட்டு, இரண்டையும் இணைக்கும் திருகோ பட்டையோ. ஒருவர் தாடையை அதிகபட்சம் எவ்வளவு முன்னால் நீட்ட முடியுமோ அதில் பாதியிலிருந்து 70 சதவீதம் வரை இழுத்துத் தொடங்குவார்கள். பிறகு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று கூட்டிக்கொண்டு போவார்கள். தட்டு பல்லைப் பிடித்து நிற்பதற்குக் காரணம், பல்லின் அகன்ற பகுதிக்குக் கீழே உள்ள சின்னச் சரிவு. அந்தப் பல்லுக்குப் புதிதாகக் கேப் போட்டால் சரிவு மாறிவிடும். கால் மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், தட்டு அந்தப் பக்கம் முழுதாக இறங்காது. இரவு முழுக்க தாடையின் இழுவிசை அந்த ஒரு பல்லின் மேல் ஏறும். காலையில் பல் வலிக்கும், கேப் ஆடத் தொடங்கும். தற்காலிக சிமெண்டில் ஒட்டிய கேப்பாக இருந்தால் கருவியைக் கழற்றும்போது அதோடு சேர்ந்து வந்துவிடும். தூக்கத்திலேயே கழன்றால் விழுங்கிவிடும் அபாயமும் இருக்கிறது.

எனவே முதல் சிட்டிங்கிற்கே கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். கேப்புக்காகப் பல்லைச் செதுக்குவதற்கு முன்னால், இருக்கிற வடிவத்தை ஸ்கேன் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். புதுக் கேப்பின் வெளி வடிவம் அதன்படியே அமைய வேண்டும் என்று லேபுக்கு எழுதி அனுப்ப முடியும். கேப் வந்ததும் நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் அதை வெறுமனே பல்லில் வைத்து, மேலே கருவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கே இடிக்கிறது என்று குறிக்கும் பேஸ்ட் டாக்டரிடம் இருக்கும். கெட்டியான அக்ரிலிக் கருவி என்றால் உட்புறத்தைக் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்யலாம். பிரிண்ட் செய்த நைலான் கருவியில் இதற்கு இடம் குறைவு, பல நேரம் புதிதாகவே செய்ய வேண்டிவரும். நடுவில் தற்காலிகக் கேப்போடு இருக்கும் நாட்களில் கருவியைப் போடக் கூடாது. அந்த நாட்களில் மூச்சுத்தடை திரும்பி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். சிபேப் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் ஒருக்களித்துப் படுங்கள். மறுநாள் அதிகாலை ஊரிலிருந்து ஊர் காரோட்டும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள்.

இன்னொரு விஷயம், அனுபவமுள்ள பல் டாக்டர்கள் சிலருக்கே தெரிந்தது. கருவியைக் கழற்றிய பிறகும் காலையில் சிறிது நேரம் தாடை முன்னாலேயே நிற்கும். பின் பற்கள் சரியாகச் சேராது. அந்த நேரத்தில் போய் உட்கார்ந்தால் டாக்டர் கடி படும் இடத்தைக் காட்டும் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, தப்பான கடிக்கு ஏற்றபடி கேப்பைத் தேய்த்துவிடுவார். மதியத்தில் அந்தக் கேப் மற்றப் பற்களோடு மோதும். கடி பார்க்கும் சிட்டிங்கை மதியத்துக்கு மேல் வாங்குங்கள். காலையில் போடச் சொல்லித் தந்த கடிப் பட்டையோ தாடைப் பயிற்சியோ இருந்தால் அன்றைக்கு அதைத் தவறாமல் செய்துவிட்டுப் போங்கள்.

கருவியை வருடக்கணக்காகப் போட்டால் மேல் முன்பற்கள் மெல்ல உள்ளேயும் கீழ் முன்பற்கள் வெளியேயும் சாயும். சிலருக்குப் பின் பற்களுக்கு நடுவே நிரந்தரமாகவே இடைவெளி விழும். விஷயம் தெரியாத டாக்டர் இதைத் தேய்மானம் என்று நினைத்து, ஐந்தாறு பற்களுக்குக் கேப் போட்டு உயர்த்தலாம் என்பார். அதற்குச் சம்மதிக்காதீர்கள். அது கருவியின் பக்கவிளைவு. கருவி செய்து கொடுத்தவர் பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. நல்ல பற்களைத் தேய்த்துவிட்டால் பிறகு திரும்ப வழியில்லை.

சிபேப் போடுபவர்களுக்கு வரும் சேதம் சத்தமில்லாமல் வருவது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு இயல்பாகவே மிகக் குறைந்துவிடும். வாய் திறந்து காற்று கசிந்தால் மிச்சமிருப்பதும் காய்ந்துவிடும். அமிலத்தை ஈடுகட்டுவதும், கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பித் தருவதும் உமிழ்நீர்தான். வாயில் அமிலம் கூடி பிஎச் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிபவர்களுக்கு அதற்கு முன்பே கரையும். அதனால் இவர்களுக்குச் சொத்தை பல்லின் நடுக்குழியில் வருவதைவிட ஈறோரத்திலும் பழைய கேப்பின் விளிம்புக்கு அடியிலும்தான் அதிகம் வரும். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. செக்கப்பில் ஈறோரங்களையும் கேப் விளிம்புகளையும் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகமான பல்லுக்குச் சின்ன எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முழுத் தாடைக்கும் எடுக்கும் ஓபிஜி மட்டும் இதற்குப் போதாது.

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், அங்கே மெஷின் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியுமிடிஃபையர் எதற்கு என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஏசி அறையில் அந்தக் கணக்கு செல்லாது, ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும். ஹியுமிடிஃபையரைக் கொண்டுபோங்கள். ஏசி குளிரில் குழாய்க்குள் தண்ணீர் தேங்கி மூக்கில் தெறித்தால் ஏசியின் குளிரைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள், குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். ஹியுமிடிஃபையர் தொட்டிக்கு போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சில நாளிலேயே அடியில் வெள்ளையாக உப்புப் படியும். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக்கானது, மூச்சுக்குழாய்க்குப் போகும் காற்றில் அதைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெடிக்கல் ஷாப்பில் சொல்லிவைத்து வாங்குவது நல்லது. கிடைக்காத சில நாட்களுக்குக் கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றலாம். காலையில் மிச்சத்தைக் கொட்டித் தொட்டியைக் காயவிட வேண்டும். உப்புப் படிந்தால் 1 பங்கு வினிகருக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து அலசுங்கள்.

மெஷினின் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் ஊர் கரண்ட் பிரச்சினையில்லை, உருண்டைக் கம்பி உள்ள பிளக் மட்டும் தேவைப்படும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், அது சைன் வேவ் இன்வெர்ட்டர்தானா என்று வீட்டில் கேளுங்கள். பழைய ஸ்கொயர் வேவ் வகையில் அடாப்டர் சூடாகலாம், இரைச்சல் வரலாம். தனி பேட்டரியில் ஓட்டுபவர்கள் சார்ஜ் நிற்கட்டும் என்று ஹியுமிடிஃபையர் சூட்டை நிறுத்திவிடுவார்கள். அந்த இரவுகளில்தான் வாய் அதிகம் காயும்.

வாய் காய்ந்து நடுராத்திரி எழுந்தால் ஊரில் கைக்கெட்டுவது கல்கண்டு, இஞ்சி மிட்டாய், சர்க்கரை போட்ட பால். உமிழ்நீர் இல்லாத வாயில் இரவில் சர்க்கரை போல வேகமாகப் பல்லை அரிப்பது வேறில்லை. பல் தேய்த்த பிறகு வெறும் தண்ணீர் மட்டும். பால் குடிக்கும் பழக்கம் உள்ள வீட்டில் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி, பல் தேய்ப்பதற்கு முன்னால் வாங்கிக் குடித்துவிடலாம். மெடிக்கல் ஷாப்பில் கார்பாக்ஸிமீதைல் செல்லுலோஸ் கலந்த செயற்கை உமிழ்நீர் கிடைக்கும், அது உதவும். இந்தியாவில் விற்கும் பேஸ்ட்டில் ஃபுளூரைடு 1000 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) தாண்டக் கூடாது என்பது சட்ட வரம்பு. பிரிட்டனில் சாதாரணப் பேஸ்ட்டே 1450 வரை இருக்கும், டாக்டர் சீட்டில் 2800, 5000 வகைகளும் தருவார்கள். அதைப் பயன்படுத்துபவர்கள் பயணத்துக்குத் தேவையான அளவை எடுத்துப் போங்கள், ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். பல் தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளூரைடு போய்விடும். கரகரப்பான பற்பொடியைத் தவிர்த்துவிடுங்கள். வேர் தெரியும் இடத்தை அது வேகமாகத் தேய்க்கும்.

கிளீனிங் செய்யப் போகும் அன்றே ஃபுளூரைடு வார்னிஷ் தடவச் சொல்லிக் கேட்கலாம். 5 சதவீத சோடியம் ஃபுளூரைடு, அதாவது 22,600 பிபிஎம். சில நிமிட வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குழந்தையாக இருந்தபோது கிணற்றுத் தண்ணீரால் பல் கறைபட்டவர்கள் ஃபுளூரைடு என்றாலே பயப்படுகிறார்கள். அந்தக் கறை பல் உருவாகும் வயதில் ஏற்பட்டது. பெரியவர்களுக்கு வார்னிஷ் தடவுவதால் அது அதிகமாகாது, வேர்ச் சொத்தையைத் தடுக்க அவர்களுக்கும் இது தேவைதான். கிளீனிங்குக்குப் பின் குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் எழுதித் தருவது ஊரில் வழக்கம். இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், காபி குடிப்பவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறும். பேஸ்ட் போட்டு அரை மணி நேரம் கழித்தே கொப்பளிக்க வேண்டும்.

பல் பிடுங்குவதும், தாடை எலும்பில் திருகு வைத்துப் பல் கட்டும் இம்ப்ளான்ட்டும் தனியாக யோசிக்க வேண்டியவை. மேல் கடைவாய்ப் பற்களின் வேர், கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் என்ற காற்றறையின் தரையை ஒட்டி இருக்கும். பிடுங்கும்போது அங்கே துளை விழுந்தால் இரண்டு வாரம் மூக்குச் சிந்தக் கூடாது என்பார்கள், உள்ளே காற்றழுத்தம் ஏறக் கூடாது என்பதற்காக. சிபேப் இரவு முழுக்க மூக்கு வழியே அழுத்தத்தைத்தான் செலுத்துகிறது. மேல் பின்பல் பிடுங்கினால், இம்ப்ளான்ட்டுக்காகச் சைனஸ் தரையை உயர்த்தும் சைனஸ் லிஃப்ட் செய்தால், மெஷினை எப்போது திரும்பப் போடலாம் என்பதைப் பிடுங்குபவரும் ஸ்லீப் டாக்டரும் சேர்ந்து சொல்ல வேண்டும். தானாக நிறுத்துவதும் தப்பு, தானாகத் தொடர்வதும் தப்பு. இந்த வேலையைப் பயணத்தின் முதல் வாரத்திலேயே வையுங்கள், விமானம் ஏறும் முன் புண் ஆற நாள் கிடைக்கும். இம்ப்ளான்ட் திருகு எலும்போடு சேர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், ஒரே பயணத்தில் முடித்துத் தருகிறோம் என்று சொன்னால் எப்படி என்று விவரமாகக் கேளுங்கள்.

மயக்கம் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மரத்துப்போகும் ஊசி போதும் என்றால் அதுவே நல்லது. தூக்க மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றால் மயக்க மருந்து டாக்டர் உள்ள ஆஸ்பத்திரியில், சிபேப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும். பயத்துக்கு முதல்நாள் ராத்திரி அல்பிரஸோலம், வலிக்கு டிராமடோல் என்று சர்வசாதாரணமாக எழுதிவிடுவார்கள். இரண்டும் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தவோ மூச்சையே மந்தமாக்கவோ செய்யும். பாராசிட்டமால், உடம்பு ஏற்றுக்கொண்டால் இபுபுரூஃபென், பெரும்பாலான பல்வலிக்கு இவையே போதும். நாற்காலியை முழுதாகச் சாய்க்காமல் அரைவாசி நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

கொதிநீரில் போட்டுக் கடித்துச் செய்துகொள்ளும் குறட்டைக் கருவிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. உறவினர்கள் யாராவது வாங்கி வைத்திருப்பார்கள். தூக்கப் பரிசோதனை இல்லாமல், ஈறு பார்க்காமல் அதைப் போடுவது ஆபத்து. ஆடும் பல்லை இன்னும் ஆட்டும், பழைய கேப்பைக் கழற்றும். குறட்டை அடங்கினாலும் மூச்சுத்தடை அப்படியே இருக்கலாம். பாக்கு, குட்கா போட்டு வாய் திறப்பு குறைந்தவர்களுக்கு எந்த வாய்க் கருவியும் சரிவராது. அவர்கள் முதலில் காட்ட வேண்டியது வாய் நோய்ப் பிரிவில். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் எல்லாப் பல் துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும். தனியார் கிளினிக் என்றால் கேப், பாலம் வேலைக்கு அந்தத் துறையில் எம்டிஎஸ் என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படித்தவரா, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு உள்ளவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் கிளினிக்கிலிருந்து வாங்க வேண்டியவை: வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்கள், ஸ்கேன் கோப்பு, எந்தப் பல்லுக்கு என்ன பொருளில் கேப், இம்ப்ளான்ட் என்றால் அதன் கம்பெனி, அளவு, பேட்ச் ஸ்டிக்கர். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்றால் எக்ஸ்ரேயின் போட்டோ மட்டும்தான் வரும். அசல் கோப்பைப் பென்டிரைவில் கேளுங்கள். திரும்பி வந்ததும் அதையும் கருவியையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்லீப் டாக்டரிடமோ கருவி செய்த பல் டாக்டரிடமோ போய், புதுக் கேப்போடு தாடை எவ்வளவு முன்னால் வருகிறது என்பதை மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.