பால் இல்லாத கேரமல் ஆப்பிள்: பேரீச்சையா, தேங்காய்ப்பாலா?

அக்டோபர் பிறந்தால் அமெரிக்கக் கடைகளில் குச்சி செருகிய கேரமல் ஆப்பிள் வந்துவிடும். ஹாலோவீன் வரை விற்பனை ஓயாது. அந்தக் கேரமலில் பால், வெண்ணெய், கிரீம் இவற்றில் ஒன்றாவது இருக்கும். பலரும் உருக்கிப் பயன்படுத்தும் கிராஃப்ட் கேரமல் மிட்டாயிலும் பால் உண்டு. எனவே விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் உணவுக்காரர்கள் பெரும்பாலும் வீட்டில்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கைவசம் இரண்டு வழி: பேரீச்சை விழுது, தேங்காய்ப்பால் கேரமல். இவற்றுக்காக வாங்கும் பொருள்களில் எது காசுக்குத் தகுந்தது, எது காலை வாருகிறது என்பதைப் பார்ப்போம்.

பேரீச்சை என்றாலே சர்க்கரை குறைவு என்று நினைப்பது தவறு. 100 கிராம் மெட்ஜூல் வகைப் பேரீச்சையில் சுமார் 66 கிராம் சர்க்கரை, 6.7 கிராம் நார்ச்சத்து. 200 கிராம் பழத்தை 6 ஆப்பிளுக்குப் பூசினால் ஆப்பிளுக்கு 22 கிராம் சர்க்கரை சேர்கிறது. தேங்காய்ப்பால் கேரமலை மெல்லிசாகத் தோய்த்தால் 25 கிராமைச் சுற்றி வரும். பெரிய வித்தியாசம் இல்லை. பேரீச்சையில் ஆப்பிளுக்கு 2 கிராமுக்கு மேல் நார்ச்சத்து கிடைப்பதும், தேங்காய்ப்பாலில் சுமார் 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பு வந்து சேர்வதும்தான் உண்மையான வேறுபாடு. தேங்காய்ச் சர்க்கரைக்கு அதிக விலை கொடுப்பதும் இதே கணக்கில் அடிபடுகிறது. அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதேதான், கலோரியும் ஏறக்குறைய வெள்ளைச் சர்க்கரை அளவுதான். ருசிக்காக வாங்கலாம், உடம்புக்காக வாங்க வேண்டாம். உண்மையில் சர்க்கரையைக் குறைப்பவை மூன்று: 140 கிராமுக்கு மேல் போகாத சின்ன ஆப்பிள், பாதி உயரம் வரை மட்டும் பூச்சு, மெல்லிய பூச்சு.

ஆப்பிளில் முதலிடம் கிரானி ஸ்மித்துக்கு. கடையில் பச்சை ஆப்பிள் என்று கேட்டால் தருவார்கள். கெட்டியான சதை, நல்ல புளிப்பு. கேரமலின் திகட்டலை அந்தப் புளிப்புதான் அடக்குகிறது. சிம்லாவிலிருந்து வரும் டெலிஷியஸ் வகை இனிப்பானது, சதையும் சீக்கிரம் மாவாகிவிடும். அதைச் சும்மாவே சாப்பிடலாம்.

கேரமல் வழிந்து தட்டில் குளம் கட்டினால், பெரும்பாலும் கோளாறு தோலின் மேலுள்ள மெழுகில்தான் இருக்கும். பளபளப்புக்காகப் பூசுவது ஒன்று கார்னாபா, பனை வகை மரத்தின் இலையிலிருந்து எடுப்பது. அல்லது ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சியின் சுரப்பு. இரண்டாவது வீகன் கணக்கில் சேராது என்பதால் கழுவுவதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. ஒரு லிட்டர் கொதிநீரை அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றி, ஆப்பிளைப் பத்து விநாடி மட்டும் முக்கி எடுத்து, சொரசொரப்பான துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். கூடுதல் நேரம் விட்டால் தோல் வெந்து பழுப்பாகும். துடைத்ததை அறை வெப்பத்தில் நன்றாக உலர விடுங்கள். குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்த ஆப்பிளின் மேல் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் எந்தக் கேரமலும் நிற்காது.

இனி பேரீச்சை. மெட்ஜூல் சதைப்பற்றானது, கேரமல் வாசனையும் அதில் இயல்பாகவே உண்டு, விலைதான் அதிகம். ஈரானிலிருந்து பெட்டியில் வரும் கிமியா கறுப்பாக, ஊற வைக்கத் தேவையில்லாத அளவு மென்மையாக இருக்கும். விலைக்கு அதுவே நல்ல தேர்வு, ஆனால் தோல் தனியாகப் பிரிந்து விழுதில் துணுக்கு துணுக்காக நிற்கும், கையால் உரித்துவிட வேண்டும். பாகு தடவி விற்கும் விதை நீக்கிய பாக்கெட் பழங்களை ஒதுக்கிவிடுங்கள். பழத்தின் இனிப்போடு குளுக்கோஸ் பாகும் சேர்ந்தே வருகிறது.

செய்முறை: விதை நீக்கிய பழம் 200 கிராம். மெட்ஜூல் என்றால் வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, நீரை ஒட்ட வடித்துவிடுங்கள். பாதாம் அல்லது முந்திரி விழுது 2 மேசைக்கரண்டி, கெட்டித் தேங்காய்ப்பால் 2 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வெனிலா ஒரு தேக்கரண்டி சேர்த்து மிக்ஸியின் சின்ன ஜாரில், நடுநடுவே வழித்துவிட்டு நைசாக அரைக்க வேண்டும். கொட்டைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் எள் விழுது சேர்க்கலாம், லேசான கசப்பு வரும். பல செய்முறைகள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகின்றன. அரைத்த விழுதை அப்படியே பூசினால் அது சட்னிதான். கால் மணி நேரத்தில் குச்சியடியிலிருந்து நழுவிக் கீழே இறங்கிவிடும். கனமான வாணலியில் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, விழுதைச் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் கிளறுங்கள். வாணலியை விட்டுச் சுருண்டு வந்து, கரண்டியைச் சாய்த்தால் ஒரே கட்டியாக விழ வேண்டும். ஆறியதும் கத்தியின் பின்புறத்தால் ஆப்பிளின் பாதி உயரம் வரை தடவி, குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். தோய்த்தெடுக்கும் கேரமல் இல்லை இது. கடித்தால் இழுபடாது, மென்மையாக உடையும்.

இழுபட வேண்டும் என்றால் தேங்காய்ப்பால்தான். வாங்கும்போது கொழுப்பு 17 சதவீதத்துக்குக் குறையாத டப்பாவைப் பாருங்கள். 'லைட்' என்று போட்டது இதற்கு உதவாது. எவ்வளவு காய்ச்சினாலும் வெறும் சர்க்கரைப் பாகுதான் மிஞ்சும். தேங்காய்ப்பால் பொடி வாங்குபவர்கள் பொருள்பட்டியலைப் படித்தே தீர வேண்டும். பல பொடிகளில் சோடியம் கேசினேட் என்ற பால் புரதம் இருக்கிறது, முன்பக்கத்தில் தேங்காய்ப் படம் மட்டுமே இருக்கும். வீட்டில் பிழிந்த முதல் பாலும் ஆகும், வாசனையில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் டப்பாப் பாலில் சேர்க்கும் கோந்து அதில் இல்லாததால் எண்ணெய் சீக்கிரம் பிரியும்.

400 மில்லி கெட்டிப் பால், 150 கிராம் நாட்டுச்சர்க்கரை, 80 கிராம் அரிசி சிரப் அல்லது குளுக்கோஸ் சிரப், அரைத் தேக்கரண்டி உப்பு. சிரப்பைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். சர்க்கரை மீண்டும் மணல் மணலாக உறையாமல் தடுப்பது அதுதான். வெல்லம் போட்டால் அதன் புளிப்பில் பால் திரியக்கூடும், ஒரு சிட்டிகை சமையல் சோடா அதைச் சரிக்கட்டும். பொங்கி எழும் என்பதால் 3 லிட்டர் பாத்திரம் வேண்டும். மிதமான தீயில் அரை மணி நேரம் அளவில், அடியும் ஓரமும் பிடிக்காமல் கிளறுங்கள். இறக்க வேண்டிய இடம் 118 டிகிரி செல்சியஸ். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் அதிரசப் பாகைத் தாண்ட வேண்டும், கமர்கட் பாகுக்குப் போய்விடக் கூடாது. குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டினால் கெட்டி உருண்டையாக நின்று, அழுத்தினால் மெல்ல வளைய வேண்டும். 113-இல் இறக்கினால் வழியும், 123-ஐத் தொட்டால் பல்லைப் பிடித்துக்கொள்ளும். இறக்கியதும் ஒரு தேக்கரண்டி வெனிலா.

இந்த ஐந்து டிகிரிக்காகவே ஒரு வெப்பமானி வாங்கலாம். குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வகை நன்றாகவே உழைக்கிறது. துப்பாக்கி போல நீட்டி அளக்கும் அகச்சிவப்பு வகை மேற்பரப்பை மட்டும் அளக்கும், ஆவி எழும்போது குறைத்துக் காட்டும்; கேரமலுக்கு வேண்டாம். வாங்கியதும் கொதிநீரில் சோதியுங்கள். சென்னையில் 100 காட்ட வேண்டும். ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 93-இலேயே கொதிப்பதால் அங்கே 118-க்குப் பதில் 111-இல் இறக்க வேண்டும்.

காய்ச்சும்போது எண்ணெய் மேலே மிதந்தால் தீ அதிகம், நீர் வேகமாக வற்றிவிட்டது என்று பொருள். இறக்கி, 2 மேசைக்கரண்டி கொதிநீர் விட்டு அடித்துக் கலந்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். மறுபடி 118-க்குக் கொண்டுவர வேண்டும். இறக்கியவுடன் தோய்க்காமல் 90 டிகிரி வரை ஆற விடுங்கள். அதற்கு மேல் சூடாக இருந்தால் கண்ணாடித் தாள் போலத்தான் ஒட்டும், ரொம்ப ஆறினால் கட்டி கட்டியாக ஏறும். தோய்த்து, சுழற்றி, பத்து விநாடி வடியவிட்டு, அடிப்பாகத்தைப் பாத்திர விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்து வழித்தால் அடியில் கேரமல் தேங்கிப் பாதம் போலப் படியாது. வைப்பதற்கு சிலிக்கான் விரிப்பு நல்லது. மெழுகுத் தாளில் வைத்தால் தாளும் சேர்ந்தே வரும்.

மேலே தூவ, வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த உப்பில்லாத வேர்க்கடலையே போதும். கறுப்பு சாக்லேட் ஊற்றுபவர்கள் 70 சதவீதம் என்று போட்டிருந்தாலும் பால் கொழுப்பு இருக்கிறதா என்று பட்டியலைப் பாருங்கள். புட்டியில் வரும் ஆயத்த வீகன் கேரமல் சாஸை இதற்கென வாங்க வேண்டாம். ஐஸ்கிரீமுக்கு ஊற்றச் செய்தது அது, நீர் அதிகம், ஆப்பிளில் நிற்காது.

குச்சியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2014 கடைசியில் அமெரிக்காவில் கடைக் கேரமல் ஆப்பிள்களால் 12 மாநிலங்களில் 35 பேருக்கு லிஸ்டீரியா என்ற கிருமியின் தொற்று வந்தது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. புளிப்பான ஆப்பிளிலும் நீர் குறைந்த கேரமலிலும் தனித்தனியே அந்தக் கிருமி வளர்வதில்லை. குச்சி குத்திய ஓட்டை வழியே சாறு கசிந்து தோலுக்கும் கேரமலுக்கும் நடுவே தேங்கும்போதுதான் இடம் கிடைக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட சோதனையில், குச்சியுள்ள ஆப்பிளை 25 டிகிரியில் வைத்தபோது மூன்று நாளில் கிருமி ஆயிரம் மடங்கு பெருகியது. குச்சியில்லாமல் குளிர்பெட்டியில் வைத்ததில் நான்கு வாரமும் வளரவில்லை. நம் ஊர் வெயிலில் கேரமல் ஆப்பிளை மேசையில் அலங்காரமாக அடுக்கி வைப்பது கூடவே கூடாது. செய்தவுடன் குளிர்பெட்டி, மூன்று நாளுக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அன்றன்று செய்தது மட்டும்.

குழந்தைகளுக்கு என்றால் குச்சியே வேண்டாம். ஆப்பிளை அரை அங்குலத் துண்டாக்கி, ஒரு கப் நீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து மூன்று நிமிடம் போட்டு எடுத்துத் துடைத்து, பேரீச்சை விழுதைக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள். 20 கிராம் விழுதில் 10 கிராம் சர்க்கரைதான் போகிறது. மீந்த விழுது மூடிய புட்டியில் குளிர்பெட்டியில் ஒரு வாரம் கெடாது. கெட்டியாகியிருந்தால் ஒரு தேக்கரண்டி வெந்நீர் விட்டுக் குழைத்தால் போதும்.