கைபேசி மின்னஞ்சல் சர்வரின் கோளாறை எந்தக் கருவி சரியாகச் சொல்லும்? பிளாக்பெர்ரி, ஆக்டிவ்சிங்க் ஒப்பீடு

"போனில் மெயில் வரவில்லை" என்று ஒருவர் முறையிடும்போது அந்த ஒரு வாக்கியத்துக்குள் பல கோளாறுகள் இருக்கக்கூடும். அஞ்சல்பெட்டியைத் திறக்கும் உரிமை போயிருக்கலாம், வழியிலுள்ள ஃபயர்வால் (வலையமைப்பின் காவல் அரண்) இணைப்பை அறுத்திருக்கலாம், சர்வர் ஒழுங்காகக் கொடுத்ததைக் கைபேசியே ஏற்காமல் இருந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவதற்குத் தனித்தனிச் சோதனைக் கருவிகள் உண்டு. அவற்றில் எதை எப்போது நம்பலாம் என்பதையே இங்கே பார்க்கிறேன். நிறுவனங்களின் அஞ்சல் சர்வரான மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சின் மேல் இயங்கிய பிளாக்பெர்ரி எண்டர்பிரைஸ் சர்வரின் கருவிகளை ஒரு பக்கமும், அஞ்சலைக் கைபேசியோடு ஒத்திசைக்க எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே இருக்கும் ஆக்டிவ்சிங்குக்கான கருவிகளை மறுபக்கமும் வைக்கிறேன். பழைய பிளாக்பெர்ரி கைபேசிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் நோயறிதலைப் பற்றி அந்த சர்வரிடம் கற்றவை இன்றைய ஆக்டிவ்சிங்கைப் புரிந்துகொள்ளவும் உதவுகின்றன என்பதால் இந்த ஒப்பீடு வீண்போகாது என்று நினைக்கிறேன்.

முதலில் அஞ்சல் செல்லும் வழியைப் பார்க்க வேண்டும், ஏனெனில் கருவிகளின் வேறுபாடு அங்கிருந்தே தொடங்குகிறது. பிளாக்பெர்ரி அமைப்பில் கைபேசி ஒருபோதும் எக்ஸ்சேஞ்சை நேரில் தொட்டதில்லை. நிறுவனத்துக்குள் இருக்கும் பிளாக்பெர்ரி சர்வர், ஒரே ஒரு சேவைக் கணக்கின் பெயரில், மேப்பி (எக்ஸ்சேஞ்சோடு மற்ற நிரல்கள் பேசும் முறை) வழியாக எல்லோருடைய அஞ்சல்பெட்டிகளையும் திறந்து கவனித்துக்கொண்டிருக்கும். புதிய அஞ்சல் வந்ததும் அதைச் சுருக்கி, குறியாக்கம் செய்து, 3101 என்ற போர்ட்டின் (எண்ணிட்ட இணைப்பு வாசலின்) வழியே வெளிப்புறமாக மட்டும் திறக்கப்பட்ட இணைப்பில் பிளாக்பெர்ரி நிறுவனத்தின் மைய வலையமைப்புக்கு அனுப்பும். அங்கிருந்து அது தொலைபேசி நிறுவனத்துக்கும் பிறகு கைபேசிக்கும் போகும். ஆக்டிவ்சிங்கில் இடையாள் யாரும் இல்லை. கைபேசியே 443 போர்ட்டில் எக்ஸ்சேஞ்சைத் தேடி வந்து, பயனரின் சொந்தப் பெயரிலும் கடவுச்சொல்லிலும் நுழைகிறது. முன்னதில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அடையாளம், பின்னதில் ஆளுக்கொரு அடையாளம் என்ற இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காமல் எந்தச் சோதனையின் விடையையும் படிக்கக்கூடாது.

பிளாக்பெர்ரி சர்வரின் பயன்பாட்டுக் கோப்புறையில் இருந்த ஐஇஎம்எஸ்டெஸ்ட் என்ற சிறு கருவி, சேவைக் கணக்கால் குறிப்பிட்ட ஓர் அஞ்சல்பெட்டியைத் திறக்க முடிகிறதா என்பதைச் சோதிக்கும். பிளாக்பெர்ரி சர்வர் பயன்படுத்தும் அதே மேப்பி சுயவிவரத்தைத் தேர்ந்து, பயனர் பெயர்களைக் குறித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து விடை சொல்லும். இதன் பெரும் பலம், முறையிட்ட அதே ஆளின் அஞ்சல்பெட்டியையே சோதிக்கலாம் என்பது. பலவீனமும் அதை ஒட்டியே உண்டு: எந்த விண்டோஸ் கணக்கில் உள்நுழைந்து கருவியை ஓட்டுகிறோமோ அந்தக் கணக்கின் உரிமைதான் சோதிக்கப்படும். அவசரத்தில் நிர்வாகக் கணக்கிலேயே நுழைந்து ஓட்டினால் வரும் வெற்றியோ தோல்வியோ சேவைக் கணக்கைப் பற்றி எதுவும் சொல்லாது. நான் பணியாற்றிய ஓரிடத்தில் இப்படி வந்த ஒரு வெற்றியை நம்பி, உரிமைகள் சரியாக இருக்கின்றன என்று எழுதிவைத்துவிட்டு, அரைநாள் முழுவதும் வலையமைப்பைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஆக்டிவ்சிங்கில் இதற்கு இணையாக எக்ஸ்சேஞ்சின் கட்டளைச் சாளரத்தில் டெஸ்ட்-ஆக்டிவ்சிங்க்கனெக்டிவிட்டி என்ற கட்டளை இருக்கிறது. இது கைபேசி செய்வதை ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டும்: சர்வர் எந்த வசதிகளைத் தருகிறது என்று கேட்கும், கோப்புறைப் பட்டியலைப் பெறும், முதல் ஒத்திசைவைச் செய்யும், புதிய அஞ்சல் வந்தால் அறிவிக்கும்படி காத்திருக்கும். படிப்படியான விடை என்பதால் பார்க்கவும் நிறைவாக இருக்கும். ஆனால் வழக்கமாக இது நிறுவலுக்குப் பின் ஒரு ஸ்கிரிப்டால் உருவாக்கப்படும் தனிச் சோதனை அஞ்சல்பெட்டியைக் கொண்டே இயங்குகிறது. அந்தப் பெட்டியில் பத்தாண்டு அஞ்சல் கிடையாது, சிக்கலான நாள்காட்டிப் பதிவுகள் கிடையாது, விசேஷமான குழு உறுப்புரிமையும் கிடையாது. போதாக்குறைக்கு, சர்வரின் அடையாளத்தை நிரூபிக்கும் சான்றிதழ் எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள் என்று ஒரு தெரிவும் இதில் உண்டு. உள் பெயருக்கும் சான்றிதழில் உள்ள பெயருக்கும் பொருத்தமில்லாத இடங்களில் பலர் அதைச் சேர்த்தே ஓட்டுவார்கள். கைபேசிகள் நிராகரிப்பதற்கு மிகப் பொதுவான காரணமே சான்றிதழாக இருக்கும்போது, அதைக் கண்ணை மூடித் தாண்டிச் செல்லும் சோதனை வெற்றி என்று சொன்னால் அதற்கு மதிப்பு குறைவு. தனிப்பட்ட ஒருவரின் முறையீட்டுக்கு ஐஇஎம்எஸ்டெஸ்டே இந்த இரண்டில் மேலானது என்பது என் கருத்து.

உரிமைக் கோளாறுகளைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இரு அமைப்புகளையும் ஒரே வேர் எப்படித் தாக்குகிறது என்பது அங்கே தெளிவாகத் தெரிகிறது. அஞ்சல்பெட்டியைத் திறக்கும் உரிமை வேறு, அதன் உரிமையாளர் பெயரில் அஞ்சல் அனுப்பும் உரிமை வேறு. ஒரு காலத்தில் எக்ஸ்சேஞ்ச், முதலாவது இருந்தால் இரண்டாவதையும் சேர்த்தே அனுமதித்தது. பின்னர் 2006 வாக்கில் வந்த மாற்றத்தில் மைக்ரோசாஃப்ட் இரண்டையும் பிரித்துவிட்டது. அதை நிறுவிய இடங்களில் பிளாக்பெர்ரி பயனர்களுக்கு அஞ்சல் வந்துகொண்டே இருந்தது, பதில் அனுப்பினால் மட்டும் சிவப்புப் பெருக்கல் குறியோடு நின்றது. பயனரின் அஞ்சல் நிரலால் செய்தியை ஒப்படைக்க முடியவில்லை என்ற பிழைச்செய்தியை அந்தக் காலத்து நிர்வாகிகள் மறந்திருக்க மாட்டார்கள். பெட்டி திறக்கிறதா என்ற சோதனையில் கிடைக்கும் வெற்றி இங்கே உதவாது. கைபேசியிலிருந்து உண்மையாகவே ஓர் அஞ்சல் அனுப்பிப் பார்ப்பதே நேரான சோதனை.

அனுப்பும் உரிமையை மறுபடி கொடுத்தாலும் சிலருக்கு அது நிலைக்காது. அவர்கள் டொமைன் அட்மின்ஸ் (வலையமைப்பு முழுவதற்குமான நிர்வாகிகள்) போன்ற பாதுகாக்கப்பட்ட குழுவில் இருப்பார்கள். நிறுவனத்தின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் அட்மின்எஸ்டிஹோல்டர் என்ற பொறிமுறை அத்தகைய கணக்குகளின் உரிமைப் பட்டியலை இயல்பாக 60 நிமிடங்களுக்கு ஒருமுறை தன் அச்சுக்கு ஏற்பத் திருத்தி எழுதிவிடும். நாம் கொடுத்த உரிமை அதில் அழிந்துபோகும். எக்ஸ்சேஞ்சோ தான் படித்த உரிமைகளைச் சுமார் இரண்டு மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கும். இவ்விரண்டு கடிகாரங்களும் ஒன்றோடொன்று இசையாமல் ஓடுவதால், கொடுத்த உடனே வேலை செய்யாமலும், பிறகு வேலை செய்தும், அதன்பின் காரணமின்றி நின்றுபோயும் காட்சியளிக்கும். ஒரே தருணத்தில் ஓட்டப்படும் எந்தக் கருவியாலும் இதைப் பிடிக்க முடியாது.

இதே பொறிமுறை ஆக்டிவ்சிங்கில் வேறு முகத்தோடு வரும். எக்ஸ்சேஞ்ச் 2010 பயனரின் டைரக்டரிப் பதிவுக்குக் கீழே அவருடைய கைபேசிக்காக ஒரு சிறு கொள்கலனை உருவாக்க முயலும். உரிமைகள் மேலிருந்து வழிவது அந்தக் கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தால் உருவாக்க முடியாமல், நிகழ்வுப் பதிவில் 1053 என்ற எண்ணோடு ஒரு பிழையை எழுதும். வழிதலை மீண்டும் இயக்கிவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கைபேசியை இணைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். அந்த ஆள் அடுத்த கைபேசியை வாங்கும் நாளில்தான் கோளாறு திரும்பவும் தலைகாட்டும். சோதனை அஞ்சல்பெட்டி எந்தப் பாதுகாக்கப்பட்ட குழுவிலும் இல்லாததால் சோதனைக் கட்டளை இதைக் காட்டாது. நிகழ்வுப் பதிவே காட்டிக்கொடுத்தது. நிர்வாக வேலைக்கு ஒரு கணக்கும் அஞ்சலுக்கு வேறு கணக்குமாகப் பிரித்து வைப்பதே இரு அமைப்புகளுக்கும் பொதுவான நிலையான தீர்வு.

அடுத்தது வெளிவழி. பிளாக்பெர்ரியில் பிபிஎஸ்ஆர்பிடெஸ்ட் என்ற கருவி, மைய வலையமைப்பின் முகவரியை 3101 போர்ட்டில் எட்ட முடிகிறதா என்று மட்டும் பார்க்கும். சில நொடிகளில் விடை வந்துவிடும். குறுகிய கேள்விக்குக் குறுகிய விடை தரும் இப்படிப்பட்ட கருவிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆயினும் அதன் வெற்றி, வாசல் திறந்திருக்கிறது என்பதைத் தாண்டி எதையும் உறுதிப்படுத்தாது. 2011 அக்டோபர் 10 அன்று தொடங்கிய பெருந்தடையில், இங்கிலாந்தின் ஸ்லவ் நகரத் தரவு மையத்தில் ஒரு முதன்மை ஸ்விட்ச் பழுதாகி, மாற்று ஏற்பாடும் கைகொடுக்காமல், ஐரோப்பாவிலும் மத்திய கிழக்கிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் சேவை நாள்கணக்கில் தடுமாறியது. அப்போது நிறுவனத்துக்குள் இருந்த நிர்வாகிகளின் கையில் அதைச் சரிசெய்ய எதுவும் இருக்கவில்லை. தன் எல்லைக்குள் பழுதில்லை என்று விரைவாக நிறுவி, தேடலை நிறுத்த உதவியதே அன்று உள்கருவிகளின் பயனாக இருந்தது.

ஆக்டிவ்சிங்கின் வெளிவழியைச் சோதிக்க மைக்ரோசாஃப்ட் இணையத்திலேயே வைத்திருக்கும் ரிமோட் கனெக்டிவிட்டி அனலைசர் இதைவிடப் பல மடங்கு செறிவானது. அது கைபேசியைப் போலவே வெளியிலிருந்து வருகிறது. பெயரைத் தேடி முகவரி பெறுகிறது, போர்ட்டைத் தட்டுகிறது, சான்றிதழின் பெயர், காலாவதி, நம்பிக்கைச் சங்கிலி ஆகியவற்றை ஆராய்கிறது, பிறகு உள்நுழைந்து கோப்புறைகளைக் கேட்கிறது. தன் சான்றிதழை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை சர்வர் அனுப்பாமல் விட்டுவிடும் பிழையை இது பிடிப்பது மிகப் பெரிய உதவி. கணினியின் உலாவி அந்த விடுபட்ட துண்டைத் தானே தேடி எடுத்துக்கொள்வதால் அங்கே எல்லாம் சரியாகத் தெரியும். பல கைபேசிகள் அப்படிச் செய்யாமல் இணைப்பையே மறுத்துவிடும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அஞ்சல் நின்றால் நான் முதலில் திறப்பது இந்த அனலைசரைத்தான். கடவுச்சொல்லைக் கேட்கும் என்பதால் தற்காலிகக் கணக்கைக் கொடுத்துச் சோதித்து, முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றிவிடுவது நல்லது.

ஆனால் அனலைசரால் காண முடியாத ஒரு கோளாறு உண்டு, அது ஆக்டிவ்சிங்கின் உயிர்நாடியோடு தொடர்புடையது. புதிய அஞ்சலுக்காகக் கைபேசி சர்வரிடம் ஒரு கோரிக்கையை வைத்துவிட்டு, நிமிடக்கணக்கில் இணைப்பைத் திறந்தபடி காத்திருக்கிறது. நடுவிலுள்ள ஃபயர்வால், பேச்சில்லாத இணைப்பு என்று அதைச் சில நிமிடங்களில் வெட்டிவிட்டால், கைபேசி காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு அடிக்கடி இணையத் தொடங்கும். அஞ்சல் வரும், ஆனால் தாமதமாக வரும், பேட்டரியும் விரைவில் தீரும். ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை இதை அளக்க முடியாது. எக்ஸ்சேஞ்சே கைபேசிகள் காத்திருக்கும் நேரத்தின் சராசரியைக் கணக்கிட்டு, அது 540 நொடிகளுக்கு மேல் போகாவிட்டால் 3033 என்ற எண்ணுள்ள எச்சரிக்கையை நிகழ்வுப் பதிவில் எழுதுகிறது. ஃபயர்வாலின் செயலற்ற காலவரம்பை அரைமணி நேரமாக உயர்த்தினால் அது நின்றுவிடும். வண்ணப் பக்கத்தில் பச்சைக் குறிகளைக் காட்டும் கருவியைவிட யாரும் திறந்து பார்க்காத அந்த ஒரு வரி அதிகம் சொல்கிறது.

பதிவுக்கோப்புகளில் பிளாக்பெர்ரியின் ஒழுங்கை இன்றும் மதிக்கிறேன். நாளுக்கொரு கோப்புறை, உறுப்புக்கொரு கோப்பு. அஞ்சல்பெட்டியைக் கவனிக்கும் முகவருக்கு எம்ஏஜிடி, அனுப்பீட்டுக்கு டிஐஎஸ்பி என்று பெயரிலேயே அடையாளம் இருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஐந்திலக்க எண். அது 1இல் தொடங்கினால் பிழை, 2 என்றால் எச்சரிக்கை, 3 தகவல், 4 நுண்விவரம். ஓர் அஞ்சலுக்கு இடப்பட்ட குறியெண்ணைப் பிடித்துக்கொண்டால், அது எப்போது எடுக்கப்பட்டது, எப்போது வெளியேறியது, கைபேசி பெற்றுக்கொண்டதாக எப்போது ஒப்புதல் வந்தது என்பதை இரண்டு கோப்புகளில் தொடர்ந்து படித்துவிடலாம். முகவர் ஒரே நேரத்தில் ஓட்டும் பல வேலை இழைகளில் ஒன்று ஓர் அஞ்சல்பெட்டியில் சிக்கிக்கொண்டால், பதில் இல்லை என்ற வரி திரும்பத் திரும்ப வரும், எந்தப் பெட்டி என்றும் தெரிந்துவிடும்.

ஆக்டிவ்சிங்குக்கு இந்த அளவு ஒழுங்கான பதிவு இல்லை. ஐஐஎஸ் வலை சர்வரின் பொதுப் பதிவில் கைபேசியின் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வரியாக விழும். கட்டளை, பயனர், கைபேசியின் அடையாள எண், விடைக்குறி எல்லாம் அதில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். நேரம் சர்வதேச நேரத்தில் இருப்பதால் நம் நேரத்தோடு ஒப்பிட 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் பதிவுகளை அலசும் லாக் பார்சர் என்ற கருவி கொண்டு கூட்டிக் கணக்கெடுத்தால், எந்தச் சோதனைக் கருவியும் தராத ஒன்றை இது தரும்: எந்தக் கைபேசி எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை. 2013 பிப்ரவரியில் ஐஓஎஸ் 6.1 பதிப்பிலிருந்த ஒரு நாள்காட்டிப் பிழையால் ஐபோன்கள் எக்ஸ்சேஞ்சை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. மாற்றங்களை எக்ஸ்சேஞ்ச் எழுதிவைக்கும் பரிவர்த்தனைப் பதிவுகள், ஒவ்வொன்றும் 1 எம்பி அளவில், வட்டை நிரப்பிக்கொண்டே போயின. ஆப்பிள் அதே மாதம் 6.1.2 வெளியிட்டுச் சரிசெய்தது. அதுவரை குற்றவாளியான கைபேசிகளைப் பெயர்சொல்லிக் காட்டித் தனியே தடுக்க உதவியது இந்த எண்ணிக்கைதான்.

எண்ணிக்கை போதாமல் உரையாடலின் உள்ளடக்கமே வேண்டுமானால், அந்த ஒரு பயனருக்கு மட்டும் அஞ்சல்பெட்டிப் பதிவை இயக்கி, கைபேசி கேட்டதையும் சர்வர் சொன்னதையும் முழுதாகப் படிக்கலாம். ஒத்திசைவு ஒரே நாள்காட்டிப் பதிவில் நின்றுபோகும் கோளாறுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. வயர்ஷார்க் போன்ற பொட்டலப் பிடிப்புகள் இரு அமைப்புகளிலும் குறியாக்கத்தின் முன் குருடாகிவிடுகின்றன. இணைப்பை முதலில் அறுத்தது யார் என்று ஃபயர்வால் பொறுப்பாளரிடம் நிறுவ வேண்டியிருந்தால் மட்டும் அவற்றை எடுப்பேன்.

அஞ்சல்பெட்டிகள் மைக்ரோசாஃப்டின் மேகத்துக்கு (அதன் இணையவழி சர்வர்களுக்கு) போய்விட்ட நிறுவனங்களில் ஐஐஎஸ் பதிவும் சர்வரின் நிகழ்வுப் பதிவும் நிர்வாகியின் கைக்கு எட்டுவதில்லை. அங்கே எஞ்சியிருப்பவை அனலைசரும் அஞ்சல்பெட்டிப் பதிவும், கூடவே உள்நுழைவுகளின் பதிவும்தான். 2022 அக்டோபரில் பழைய கடவுச்சொல் முறையை நிறுத்தும் பணி தொடங்கிய பின், மேகத்தில் வரும் "மெயில் வரவில்லை" முறையீடுகளுக்கு நான் முதலில் திறப்பது அந்த உள்நுழைவுப் பதிவைத்தான்.